உடைஞ்ச காலை ஊன்றி நிற்கச் சொன்ன டாக்டர்

ஏழு வாரமா எபிசோட் வரலை. "ஆளையே காணோமே"ன்னு நிறைய பேர் மெசேஜ் போட்டிருந்தீங்க. காரணம் என் இடது கணுக்கால்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, டர்ஃப்ல ஃபுட்பால். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிற பத்துப் பேர், ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ரொனால்டோ. பந்து வந்த பக்கம் திரும்பினேன். உடம்பு திரும்பிடுச்சு, பாதம் திரும்பலை. உள்ளே 'டக்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

படுக்க வெச்சு எக்ஸ்ரே எடுத்தாங்க. வெளிப்பக்கமா இருக்கிற மெல்லிசான எலும்பு, ஃபிபுலா, கணுக்கால் மட்டத்தில் சாய்வா உடைஞ்சிருந்தது. முதல்ல பார்த்தவர், "பிளேட் வெச்சு ஸ்க்ரூ போட்டுடலாம், நாளைக்கே பண்ணிக்கலாம்"னார். வீட்ல எல்லாரும் இன்னொரு டாக்டர்கிட்டயும் கேட்டுடலாம்னு சொன்னாங்க. ரெண்டாவது டாக்டர் படத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், அப்புறம் சொன்னார்: "எழுந்து இந்தக் காலை ஊன்றி நில்லுங்க. நின்னுட்டே ஒரு எக்ஸ்ரே எடுக்கணும்."

எனக்கு ஒண்ணும் புரியலை. எலும்பு உடைஞ்சிருக்கு சார்! ஆனாலும் ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சுக்க, பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். புதுப் படத்தில் அவர் உடைஞ்ச இடத்தைப் பார்க்கவே இல்லை. காலோட உள்பக்கம், எதுவுமே உடையாத இடத்தில், ரெண்டு எலும்புக்கு நடுவில் இருக்கிற சின்ன இடைவெளியை அளந்தார். "ஆபரேஷன் வேண்டாம். ஆறு வாரம் பூட் போட்டுக்கோங்க. அடுத்த வாரம் திரும்ப நிக்க வெச்சு ஒரு படம் பார்ப்போம்."

உடைஞ்சது வெளிப்பக்கம். அளந்தது உள்பக்கம். ஏன்? பூட்டோட சோஃபால கிடந்த ஆறு வாரமும் இதைத்தான் படிச்சேன். இந்த ஒரு கேள்விக்குப் பின்னாடி இருநூத்தம்பது வருஷக் கதை இருக்கு. எங்க பெரியப்பாவும் அதுல வர்றார். (முன்னாடியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. இதைக் கேட்டுட்டு யாரும் உடைஞ்ச காலோட வீட்ல எழுந்து நின்னு பார்க்காதீங்க.)

முதல்ல கணுக்கால் எப்படி உட்கார்ந்திருக்குன்னு சொல்லிடறேன். தச்சர் ஒரு கட்டையில் பள்ளம் வெட்டி, இன்னொரு கட்டையோட நாக்கை அதுல இறக்குவார் இல்லையா, அதே அமைப்புதான். மேலே டிபியான்னு பெரிய எலும்பு, பக்கத்தில் ஃபிபுலான்னு மெல்லிசான எலும்பு. இந்த ரெண்டோட கீழ்முனைகளும் சேர்ந்ததுதான் பள்ளம். நீங்க கையை வெச்சுப் பார்த்தா கணுக்காலோட ரெண்டு பக்கமும் துருத்திட்டு நிற்கிற குமிழ்கள்தான் அந்தப் பள்ளத்தின் சுவர். உள்ளே இறங்கி உட்கார்ற நாக்கு தாலஸ்ங்கிற எலும்பு.

ஆனா பள்ளமும் நாக்கும் மட்டும் இருந்தா மூட்டு நிக்காது. கட்டிப் பிடிக்க ஏதாவது வேணும். அதுதான் லிகமென்ட். நம்ம ஊர்ல "ஜவ்வு கிழிஞ்சுபோச்சு"ன்னு சொல்றோமே, அந்த ஜவ்வு. உள்பக்கக் குமிழ்லேர்ந்து விசிறி மாதிரி விரிஞ்சு பாதத்தைப் பிடிக்கிற தடிமனான ஜவ்வு டெல்டாய்டு. டிபியாவையும் ஃபிபுலாவையும் முன்னாலயும் பின்னாலயும் சேர்த்துக் கட்டுற ஜவ்வுகள் தனி. அதுக்கு மேலே, ரெண்டு எலும்புக்கும் நடுவில், முழங்கால் பக்கம் வரைக்கும் ஒரு சவ்வு ஓடுது. எலும்புதான் படத்தில் தெரியும். மூட்டைப் பிடிச்சு வெச்சிருக்கிற பாதி வேலையைப் படத்தில் தெரியாத ஜவ்வு செய்யுது. இனி சொல்லப்போற கதை முழுக்க இந்தச் சிக்கலைச் சுத்தித்தான்.

1756. லண்டன். செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் சர்ஜன் பெர்சிவல் பாட் குதிரையிலேர்ந்து விழுந்தார். கால் எலும்பு உடைஞ்சு தோலைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வந்துடுச்சு. ஆன்டிபயாட்டிக் கிடையாது, மயக்க மருந்து கிடையாது. அந்தக் காலத்தில் இப்படி உடைஞ்சா பெரும்பாலும் காலையே எடுத்துடுவாங்க. பாட் என்ன பண்ணினார் தெரியுமா? ரோட்ல படுத்த படுக்கையா இருந்துக்கிட்டே, தன்னை யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டார். பல்லக்கு மாதிரி நாற்காலி தூக்குற ஆட்களை வரவழைச்சார். ஒரு கதவை விலைக்கு வாங்கி, அதுல கம்புகளை அடிக்கச் சொல்லி, அதுமேல தன்னைப் படுக்க வெச்சுத் தூக்கிட்டுப் போகச் சொன்னார். வண்டியில் போனா குலுங்கும், உடைஞ்ச முனை இன்னும் கிழிக்கும்னு அவருக்குத் தெரியும். வீட்ல காலை எடுக்க எல்லாம் தயார். கடைசி நேரத்தில் அவரோட பழைய குருநாதர் எட்வர்ட் நோர்ஸ் வந்து பார்த்து, காலைக் காப்பாத்தலாம்னு சொன்னார். காலும் பிழைச்சது.

இங்கே ஒரு வேடிக்கை. மருத்துவப் புத்தகங்கள்ல கணுக்கால் முறிவுக்கு 'பாட் முறிவு'ன்னு ரொம்ப நாளா ஒரு பேர் உண்டு. இந்தக் குதிரைக் கதையைச் சொல்லி, அவருக்கு உடைஞ்சதால்தான் அந்தப் பேர்னு பலர் நம்புறாங்க. தப்பு. அவருக்கு உடைஞ்சது கணுக்கால் இல்லை. பேர் வந்தது, பன்னிரண்டு வருஷம் கழிச்சு 1768ல் முறிவுகளைப் பத்தி அவர் எழுதின புத்தகத்தால்.

அந்தப் புத்தகத்தில் அவர் விவரிக்கிறது இது: கீழ்முனையிலிருந்து ரெண்டு மூணு அங்குலம் மேலே ஃபிபுலா உடையும், கூடவே உள்பக்கம் டிபியாவைப் பாதத்தோடு கட்டியிருக்கிற ஜவ்வு கிழியும், பாதம் வெளிப்பக்கமா விலகிப் போகும். கவனிச்சீங்களா? எக்ஸ்ரே வர்றதுக்கு நூத்தி இருபத்தேழு வருஷம் முன்னாடி, வெறும் கையால தடவிப் பார்த்த ஒருத்தர் எலும்பையும் ஜவ்வையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து வைக்கிறார். ஒரு பக்கம் எலும்பு, மறுபக்கம் ஜவ்வு, ரெண்டும் சேர்ந்து போனாத்தான் மூட்டு நழுவுது. என் டாக்டர் ஏன் உள்பக்கத்தை அளந்தார்ங்கிறதுக்குப் பதில் பாதி இங்கேயே இருக்கு.

ஆனா அப்புறம் வந்தவங்க பேரை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. கணுக்கால்ல எது உடைஞ்சாலும் 'பாட் முறிவு'. அவர் சொன்ன ஜவ்வு காணாமப் போச்சு. ஒரு ஃபங்ஷனுக்கு நல்ல பேர் வெச்சுட்டு, உள்ளே இருந்த பாதி கோடை யாரோ அழிச்ச மாதிரி.

அடுத்து பாரிஸ். ஓத்தெல்-தியூ மருத்துவமனையில் கியோம் துப்யுத்ரான், 1819ல் ஃபிபுலாவின் கீழ்முனை முறிவு பத்தி ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார். பிணங்களோட கால்களை முறிச்சுப் பார்த்து, எந்தத் திசை விசைக்கு எது உடையுதுன்னு தேடினவர் அவர். அவருடைய மாணவர்களில் ஒருத்தர் ஜூல்ஸ் மெய்சொனவ். தமிழ்ல எழுதினா 'மெய் சொன்னவர்' மாதிரியே இருக்கு, பொருத்தமும்தான்.

மெய்சொனவ் 1840ல் ஒரு கட்டுரை எழுதினார். அவரும் பிணத்தின் கால்களை வெச்சுத்தான் பார்த்தார். பாதத்தை வெளிப்பக்கமா திருகினா என்ன ஆகும்? டிபியாவையும் ஃபிபுலாவையும் முன்னால கட்டியிருக்கிற ஜவ்வு தாங்கினா, ஃபிபுலா கீழே, கணுக்கால் மட்டத்தில் சாய்வா உடையும். அந்த ஜவ்வு கிழிஞ்சுட்டா, திருகு மேலே ஏறிப் போகும். அப்போ ஃபிபுலா ரொம்ப மேலே, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேகூட உடையலாம். கணுக்கால்ல அடிபட்டு முழங்கால் பக்கத்தில் எலும்பு உடையறது! ஜவ்வுதான் முறிவோட இடத்தை முடிவு பண்ணுதுங்கிறது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு. இந்த மேல் முறிவுக்கு இன்னிக்கும் அவர் பேர்தான்.

இதைப் படிச்சப்போ புத்தகத்தை மூடி வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். 2003ல் எங்க பெரியப்பா பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் மடங்கி விழுந்தார். கணுக்கால் பலூன் மாதிரி வீங்கிடுச்சு. எக்ஸ்ரே எடுத்தாங்க, கணுக்காலை மட்டும். எலும்பு எதுவும் உடையலை. "சுளுக்குதான்"னு க்ரேப் பேண்டேஜ் சுத்தி அனுப்பிட்டாங்க. நாலு மாசம் கழிச்சும் வலி நிக்கலை. வேற ஊர்ல வேற ஒருத்தர் முழுக் காலையும் படம் எடுத்தப்போ, முழங்காலுக்குக் கீழே ஃபிபுலா உடைஞ்சு, கோணலா கூடியும் இருந்தது. உள்ளே ஜவ்வெல்லாம் கிழிஞ்சு, பள்ளம் அகன்று, தாலஸ் நகர்ந்து, குருத்தெலும்பு தேய ஆரம்பிச்சிருந்தது. இன்னிக்கும் அவர் படிக்கட்டில் பக்கவாட்டாத்தான் இறங்குவார். சின்ன வயசில் நாங்க பசங்க அதைச் செஞ்சு காட்டிச் சிரிச்சிருக்கோம். அந்த நடைக்கு 1840லேயே ஒரு பேர் இருந்திருக்கு.

அந்த ரெண்டாவது டாக்டர் என் கணுக்காலைத் தொடறதுக்கு முன்னாடி, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் விரல் வெச்சு அழுத்தி, "இங்க வலிக்குதா?"ன்னு கேட்டார். அடிபட்டது கீழே, இவர் ஏன் மேலே அமுக்கறார்னு நினைச்சேன். அவர் மெய்சொனவைத் தேடியிருக்கார்.

சரி, 1895 நவம்பர். ஜெர்மனியின் வூர்ஸ்புர்க் நகரில் ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிக்கிறார். எலும்பு மருத்துவத்துக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா வரத்துக்கு ஒரு விலை இருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு பளிச்சுனு தெரியும். ஜவ்வு தெரியவே தெரியாது. கையால தடவி, உள்பக்கம் பிளந்திருக்குன்னு யோசிச்ச காலம் போய், படத்தில் கோடு தெரியுதா இல்லையாங்கிற காலம் வந்துடுச்சு. நம்ம வேலையில் நடக்கிறதுதானே இது? டாஷ்போர்டு பச்சையா இருக்கும், கஸ்டமர் போன் பண்ணி "எதுவும் ஓடலை"ம்பார். டாஷ்போர்டில் எதை அளக்கறோமோ அது நல்லாத்தான் இருக்கு. அளக்காததுதான் செத்துக் கிடக்கு. பெரியப்பாவின் படமும் பச்சையாத்தான் இருந்தது.

தெரியற எலும்பிலிருந்து தெரியாத ஜவ்வைக் கணிக்க முடியுமான்னு உருப்படியா முயற்சி பண்ணினவர் டென்மார்க்கின் நில்ஸ் லௌகே-ஹான்சன். 1940கள்லயும் 50கள்லயும் அவர் செஞ்ச வேலை ஒரு எஞ்சினியருக்கு ரொம்பப் பிடிக்கும். அப்போதான் வெட்டியெடுத்த கால்களில் பாதத்தை ஒரு நிலையில் இறுக்கி, ஒரு திசையில் திருகுவார். எது முதல்ல போகுது, எது ரெண்டாவதுன்னு வரிசையைக் குறிச்சுப்பார். அப்புறம் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார், திறந்தும் பார்ப்பார். ஒவ்வொரு வகைக்கும் ரெட்டைப் பேர்: முதல் சொல் பாதம் இருந்த நிலை, ரெண்டாவது சொல் விசையின் திசை.

அதுல ரொம்பச் சகஜமான வகை, பாதம் உள்பக்கமா சாய்ஞ்சு ஊன்றியிருக்கும்போது வெளிப்பக்கமா திருகப்படறது. அதாவது உடம்பு திரும்பி, பாதம் திரும்பாத என் கேஸ். வரிசை இப்படிப் போகும்: முதல்ல முன்னால கட்டுற ஜவ்வு கிழியும். ரெண்டாவதா ஃபிபுலா சாய்வா, சுருள் மாதிரி உடையும். விசை இன்னும் தொடர்ந்தா மூணாவதா பின்னால இருக்கிற ஜவ்வோ, அது ஒட்டியிருக்கிற எலும்போ போகும். நாலாவது, கடைசியா, உள்பக்கம். அங்கே ஒண்ணு குமிழ் எலும்பு உடையும், இல்லைன்னா டெல்டாய்டு ஜவ்வு கிழியும்.

ரெண்டாம் கட்டத்தில் நின்னுட்டா மூட்டு கெட்டி. உள்பக்கம் டெல்டாய்டு பிடிச்சிட்டிருக்கு, தாலஸ் எங்கேயும் போகாது. எலும்பு தானா கூடிடும். நாலாம் கட்டம் வரைக்கும் போயிருந்தா ரெண்டு பக்கமும் பிடி விட்டாச்சு, தாலஸ் நழுவும். வைத்தியமே வேற. நாலாம் கட்டத்தில் உள்பக்க எலும்பு உடைஞ்சிருந்தா பிரச்சினை இல்லை, படத்தில் தெரியும். எலும்பு உடையாம ஜவ்வு மட்டும் கிழிஞ்சிருந்தா? படுக்க வெச்சு எடுத்த எக்ஸ்ரேயில் ரெண்டாம் கட்டமும் நாலாம் கட்டமும் ஒரே மாதிரி தெரியலாம். ஒரே படம், ரெண்டு எதிரெதிர் முடிவு. எனக்கு ரெண்டு டாக்டர்கள் ரெண்டு பதில் சொன்னதும் இதனாலதான். முதல்வரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படத்தை மட்டும் வெச்சு யாராலும் உறுதியா சொல்லியிருக்க முடியாது.

லௌகே-ஹான்சனின் வரிசையும் வேதவாக்கு இல்லை. 2010 வாக்கில் அமெரிக்காவில் சில டாக்டர்கள் யூடியூப்ல, ஸ்கேட்போர்டு மாதிரி விளையாட்டுல கால் முறியற வீடியோக்களைத் தேடினாங்க. அதைப் போட்டவங்களைத் தொடர்புகொண்டு எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி, விழுந்த விதத்தையும் முறிஞ்ச விதத்தையும் ஒப்பிட்டாங்க. பல கேஸ்ல ரெண்டும் ஒத்துப் போகலை. உயிருள்ள, ஓடுற, எடை இறங்குற கால் வேற. மேஜையில் இறுக்கின கால் வேற. வீடியோ போட்டுட்டு லைக்குக்குக் காத்திருந்தவனுக்கு, "தம்பி, உன் எக்ஸ்ரே கிடைக்குமா?"ன்னு மெசேஜ் வந்திருக்கும் பாருங்க, அந்த இன்பாக்ஸைப் பார்க்க எனக்கு ஆசை.

இதுக்கு நடுவில் சுவிட்சர்லாந்தில் ஒரு பெரிய அலை. 1958ல் அங்கே சர்ஜன்கள் சேர்ந்து ஏஓ அமைப்பைத் தொடங்கினாங்க. பிளேட், ஸ்க்ரூ, துல்லியமா பொருத்தறது, சீக்கிரம் அசைக்கறது. பெல்ஜியத்தின் ராபர்ட் டானிஸ் தொடங்கி வெச்ச ஒரு வகைப்பாட்டை பெர்ன்ஹார்ட் வெபர் எடுத்து விரிச்சார். ஃபிபுலா எந்த உயரத்தில் உடைஞ்சிருக்குன்னு மட்டும் பார்: ஜவ்வு மட்டத்துக்குக் கீழே ஏ, அதே மட்டத்தில் பி, மேலே சி. நினைவில் வைக்க எளிது, போன்லயே சொல்லிடலாம். இன்னிக்கும் டாக்டர்கள் சொல்றது இதைத்தான். என் ரிப்போர்ட்டிலும் 'வெபர் பி'. ஆனா பி-ங்கிற அந்த எழுத்து, உள்பக்கம் டெல்டாய்டு இருக்கா போச்சான்னு சொல்லாது.

அப்புறம் 1976. ராம்சே, ஹாமில்டன்னு ரெண்டு பேர், 23 பிணக் கணுக்கால்களை எடுத்து, மூட்டின் பரப்பில் கரித்தூள் தடவி, தாலஸை வெளிப்பக்கமா தள்ளித் தள்ளி, எவ்வளவு பரப்பு ஒட்டுதுன்னு அச்சு எடுத்தாங்க. முதல் 1 மில்லிமீட்டர் நகர்ந்ததுமே ஒட்டுற பரப்பு சராசரியா 42 சதவீதம் குறைஞ்சிடுச்சு. 1 மில்லிமீட்டர்ங்கிறது உங்க ஏடிஎம் கார்டோட தடிமனைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதே எடை கிட்டத்தட்டப் பாதிப் பரப்பில் இறங்கினா குருத்தெலும்பு என்ன ஆகும்? பெரியப்பாவின் காலுக்கு என்ன ஆச்சோ அதுதான். எலும்பு மருத்துவத்தில் இந்த எண் மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட எண் கொஞ்சம்தான். மறுவருஷமே வேறொரு குழு, தாலஸ் எப்பவும் ஃபிபுலா கூடவே போகுது, அதனால ஃபிபுலாவைச் சரியா பொருத்தறதுதான் சாவின்னு எழுதினாங்க. ரெண்டையும் சேர்த்துப் படிச்சா முடிவு தானா வருது: ஃபிபுலா உடைஞ்சிருக்கா, திற, பிளேட் வை.

ஆனா அந்த 1976 பரிசோதனையில் தாலஸை நகர்த்தினது யாரு? ஆராய்ச்சியாளர். நகர்ந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு அது பதில். நகருமாங்கிறது வேற கேள்வி. 1990களில் வேற குழுக்கள் பிணக் கணுக்கால்களில் ஃபிபுலாவை மட்டும் வெட்டிட்டு, டெல்டாய்டை விட்டுட்டு, மேலேயிருந்து எடையை இறக்கிப் பார்த்தாங்க. தாலஸ் வெளிப்பக்கமா நழுவலை. டெல்டாய்டையும் வெட்டினப்புறம்தான் மூட்டு நிலைகுலைஞ்சது. பாட் 1768ல் சொன்ன இடத்துக்கே எல்லாரும் திரும்பி வந்தாச்சு.

அப்போ உயிருள்ள மனுஷனில் டெல்டாய்டு இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? உள்பக்கம் அழுத்தி வலிக்குதா, கன்னிப் போயிருக்கான்னு பார்க்கிறது பழைய வழி. அதை நம்ப முடியாதுன்னு 2004ல் ஒரு அமெரிக்க ஆய்வு காட்டிடுச்சு. வலியே இல்லாதவங்களுக்கும் மூட்டு தளர்ந்திருந்தது. டாக்டர் கையால பாதத்தைத் திருகிப் பிடிச்சு எக்ஸ்ரே எடுக்கிறது இன்னொரு வழி; எவ்வளவு திருகுறார்ங்கிறது கைக்குக் கை மாறும், நோயாளி அலறுவார். புவியீர்ப்பை வெச்சே ஒரு வழி: அடிபட்ட பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, பாதத்தை மேஜை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டுப் படம் எடு. பாதத்தின் எடையே உள்பக்கத்தை இழுத்துப் பார்க்கும்.

இந்தச் சோதனைகள்ல உள்பக்க இடைவெளி அகலமா தெரிஞ்சா, ஜவ்வு போச்சுன்னு ஆபரேஷனுக்கு அனுப்பிடுவாங்க. 4 அல்லது 5 மில்லிமீட்டருக்கு மேல போனா கவலைன்னு ஒரு கணக்கு. ஆனா டெல்டாய்டு ஒரே ஒரு துணி இல்லை. மேல் அடுக்கு, ஆழ் அடுக்கு ரெண்டு இருக்கு. பாதம் தொங்கிட்டு இருக்கும்போது தளர்ந்தும், தரையில் தட்டையா ஊன்றும்போது விறைச்சும் இருக்கிற பின்பக்க ஆழ் இழைகள் இருக்கு. முன்பக்கம் கிழிஞ்சு, அந்தப் பின்பக்கம் மட்டும் மிச்சம் இருந்தா, தொங்கவிட்ட காலில் இடைவெளி விரியும். நின்ன காலில் விரியாது. நிற்கும்போது உடம்போட எடையே தாலஸைப் பள்ளத்துக்குள்ள அமுக்கிப் பிடிக்குது. 2010ல் சுவிஸ் டாக்டர்கள், இதே மாதிரி ஃபிபுலா உடைஞ்சவங்களை நிற்க வெச்சுப் படம் எடுத்து, இடைவெளி விரியாதவங்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே வைத்தியம் பார்த்து, நல்லா ஆறினதை வெளியிட்டாங்க.

என்னை நிற்கச் சொன்னதும் அதுக்குத்தான். என் முதல் படத்தில் இருந்தது உடைஞ்ச எலும்பு. ரெண்டாவது படத்தில் ஜவ்வு தெரியலை, ஆனா ஜவ்வு செய்யற வேலை தெரிஞ்சது. என் இடைவெளி 3 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு வாரம் கழிச்சு எடுத்ததுலயும் அதே அளவு.

ஆறாவது வாரம் பூட்டைக் கழட்டின அன்னிக்கு பெரியப்பா பார்க்க வந்திருந்தார். எங்க வீடு ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு படியா பக்கவாட்டா ஏறி வந்து உட்கார்ந்தவர், தண்ணிகூடக் குடிக்கலை. "அந்தப் படத்தை எடுடா தம்பி"ன்னார். டியூப்லைட்டுக்கு எதிரே ஃபிலிமைத் தூக்கிப் பிடிச்சு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"முட்டி வரைக்கும் எடுத்தாங்களா?"

"அமுக்கிப் பார்த்தாங்க பெரியப்பா. அங்க வலிக்கலை."

கொஞ்ச நேரம் இன்னும் பார்த்துட்டே இருந்தார். அப்புறம் ஃபிலிமைக் கவருக்குள்ள போட்டு, மடங்காம அலமாரி மேல வெச்சார்.